உஷ்! அப்பா தூங்குகிறார்

தீம் பார்க் வாசலில், வரிசையில் நின்றுகொண்டே என் வீட்டுக்காரர் தூங்கினார். உட்கார்ந்து தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சுவரில் சாய்ந்து தூங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் வரிசை நகரும்போது காலையும் நகர்த்திக்கொண்டு தூங்கினார். முன்னால் நின்ற பெண்ணின் முதுகுப்பையில் அவர் நெற்றி போய் இடித்தது. அவள் திரும்பி முறைத்தாள். நான் பல்லைக் காட்டிச் சமாளித்தேன். அவர் கண்ணைத் திறந்து, "வந்துட்டோமா?" என்றார்.

"வந்து எவ்வளவோ நேரமாச்சு. நீங்க நல்லா தூங்குங்க" என்றேன்.

என் குத்தல் அவருக்கு உறைக்கவில்லை. பின்னால் நின்ற மகளுக்கு உறைத்தது. அவள் கைபேசியை எடுத்து அவரைப் படம் பிடித்தாள். படத்தைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டாள். அதிலும் கண்ணை மூடித்தான் இருந்திருப்பார்.

மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் வேறு, ஆனால் தெருவில் பூனை என்று சொன்னால்தான் தெரியும். நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது, கதவைத் திறந்தால் திறந்ததே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் அவள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். வேறு ஊர், ஒரு நாள் பயணம். அதற்கு முன் மூன்று பேரும் சேர்ந்து வெளியே வந்தது இந்த ஒரு தடவைதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்று ஒன்று கேட்டாள். "அம்மா, அப்பா அங்கயாவது முழிச்சிருப்பாரா? ஒரு நாள் போதும்மா." கிசுகிசுவென்றுதான் கேட்டாள். அவர் உள்ளே படுத்திருந்தார்.

"இருப்பார்டி. அதுக்கு நானாச்சு" என்று நானும் கிசுகிசுத்தேன். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. இப்போது அந்த வாக்கு யாரோ ஒருத்தியின் முதுகுப்பையில் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் செய்தித்தாள் அச்சகத்தில் மெஷின்மேன். ஊர் படுக்கப் போகிற நேரத்தில் டிபன் பாக்ஸோடு கிளம்புவார். ஊர் எழுந்து பேப்பர் படிக்கிற நேரத்தில் நகக்கண்ணில் மையோடு திரும்பி வருவார். குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். அதன்பிறகு எங்கள் வீட்டில் மூச்சு விடுவதைக்கூட யோசித்துத்தான் விடுவோம். ஜன்னலில் திரை விழும். காலிங்பெல் ஒயரைக் கல்யாணமான புதிதிலேயே நான் பிடுங்கிவிட்டேன். கதவுக் கீலுக்குத் தவறாமல் எண்ணெய். பாத்திரம் கழுவுகிற தொட்டியில் பழைய துணியை விரித்து, அதன்மேல்தான் கரண்டியை வைப்போம். நான் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள். அவர் வேலைக்குப் போன பிறகுதான் என் தையல் மெஷின் ஓடும். ஊரெல்லாம் குறட்டை விடும்போது நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு காலர் தைத்துக்கொண்டிருப்பேன். ஆளுக்கொரு நேரத்தில் களைத்துப் போகிற குடும்பம் எங்களுடையது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் தெம்பாக இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த வீட்டில் வளர்ந்தவள் பூனை. பேச்சு வருவதற்கு முன்பே அவளுக்குச் சைகை வந்துவிட்டது. உதட்டில் விரல் வைத்தால் அப்பா தூங்குகிறார். வயிற்றைத் தட்டினால் பசி. மணிக்கட்டைத் தட்டினால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. அழுகை வந்தால் பாதியிலேயே முழுங்கிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரே பல்லவியைப் பாடினார்கள்: நன்றாகப் படிக்கிறாள், ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பயணம் அச்சகத்தின் உபயம். ஆண்டு விழாவுக்கு ஊழியர் குடும்பங்களுக்கு இந்தப் பெருநகரத்தின் தீம் பார்க் டிக்கெட்டும் ஒரு ராத்திரி தங்க அறையும் கொடுத்தார்கள். லீவும் சேர்த்துக் கொடுத்ததுதான் அதிசயம்.

முந்தின நாள் ரயிலில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டது. வண்டி கிளம்பித் தடதடவென்று வேகம் எடுத்ததும் அவர் தலை சாய்ந்தது. ஏதாவது ஸ்டேஷனில் நின்றால் பட்டென்று முழித்துக்கொள்வார். "எந்த ஸ்டேஷன்?" என்பார். பூனை ஆசையாக எதையோ சொல்ல வாயெடுப்பாள். வண்டி நகரும், மனிதர் போய்விடுவார். மறுபடி நிற்கும், மறுபடி முழிப்பார். "எறங்க வேண்டிய எடத்தை விட்டுடுவோமோன்னு பயம், அதான்" என்று பூனையிடம் நானே ஒரு காரணத்தைச் சொன்னேன். காரணம் கண்டுபிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற நகரம். தரைக்கு அடியில் ஒரு ரயில், அதற்கும் அடியில் இன்னொரு ரயில். எஸ்கலேட்டரில் எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் வழியை அடைத்துக்கொண்டு நின்று, பின்னால் வந்தவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

தீப்பெட்டி மாதிரி அறை. ஆனால் என்ன ஒரு அமைதி! ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. கீழே வண்டிகள் சாரை சாரையாக ஓடுகின்றன, ஒரு ஹாரன்கூட மேலே வரவில்லை. இப்படி ஒரு அறையில் இவரைப் படுக்கவைத்தால் நாளைக்குக் குதிரை மாதிரி இருப்பார் என்று எனக்குப் பட்டது. ஏசி லேசாக உறுமியது. அதையும் அணைத்தேன். பூனை பல் தேய்க்கும்போது குழாயை நூலளவுதான் திறந்தாள். நாங்கள் இருவரும் வேர்க்க விறுவிறுக்கப் படுத்துத் தூங்கினோம்.

காலையில் பார்த்தால், மனிதர் கண் கோவைப்பழமாகச் சிவந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, தூங்கலையா?"

"தூங்கினேன், தூங்கினேன். நல்ல தூக்கம்" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. புது இடம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அதற்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

பார்க்குக்குள் நுழைந்ததும் முதலில் சுழல்கிற கோப்பைகளில் ஏறினோம். கோப்பை ஒரு பக்கம் சுற்றியது, இவர் தலை இன்னொரு பக்கம் சுற்றியது. இறங்கும்போது, "நல்லா இருந்துச்சு இல்ல?" என்று எங்களைக் கேட்டார். அடுத்து, கரடி வேஷம் போட்ட ஒரு ஆள் வந்து எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். இவரையும் கட்டிப்பிடித்தார். பஞ்சுத் தோள் கிடைத்ததும் இவர் அதில் அப்படியே முகத்தைப் புதைத்துவிட்டார். கரடி விலகப் பார்த்தது, முடியவில்லை. பிறகு இரக்கப்பட்டு இவர் முதுகைத் தட்டிக்கொடுத்தது. பூனை எடுத்த படத்தில் கரடியின் கண்கள் திறந்திருந்தன.

பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. பூனையின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

நடுப்பகலில் ஊர்வலம் வந்தது. ஆளுயர மேளங்கள், ஊதுகுழல்கள், பொம்மைத் தலைகளோடு ஆடிக்கொண்டு வருகிறவர்கள். மேளம் அடித்த அடியில் என் நெஞ்சே அதிர்ந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. இவர் பெஞ்சில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, நிம்மதியாகத் தூங்கினார். அப்படி ஒரு தூக்கத்தை வீட்டில் நான் பார்த்ததே இல்லை. ஊர்வலம் முடிந்து மேளம் ஓய்ந்ததும் கண்ணைத் திறந்தார்.

அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். "ஏங்க, அந்தப் பொண்ணுக்காகத்தானே வந்தோம்? ஒரு நாள் கண்ணைத் தொறந்து வெச்சா என்ன குறைஞ்சிடும்?"

"முழிச்சுத்தான் இருந்தேன்."

"குறட்டை விட்டீங்க."

"அது... ஏதோ யோசனை."

"அடுத்த வாரம் அவ போயிடுவா. அப்புறம் தூங்குங்க, யாரு வேணாங்கிறா?" பூனை இருந்த பக்கம் கையைக் காட்டினேன். "ஒரே ஒரு நாள் அப்பா முழிச்சிருக்கணும்னு கேட்டா அவ. வேற ஒண்ணும் கேக்கல."

கொஞ்சம் தள்ளி, செடித்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பூனை அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போய்க் குழாயடியில் தலையைக் காட்டினார். சட்டை நனைந்து சொட்டச் சொட்ட அவள் முன்னால் போய் நின்றார்.

"பாப்பா, இங்க இருக்கிறதுலயே பெரிய ரைடு எது?"

அவள் கையை உயர்த்திக் காட்டினாள். வானத்தில் இரும்புத் தண்டவாளம் ஏறி, அங்கிருந்து நேராகக் கிணற்றுக்குள் விழுவதுபோல் இறங்கியது.

"வா போலாம். அதுல எவனாலயும் தூங்க முடியாது" என்றார்.

பூனைக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நானும் முழங்கால் வலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மூன்று பேர் உட்காரும் வரிசை. நடுவில் அவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பூனை. தோள்மேல் இரும்புக் கட்டை இறங்கிப் பூட்டிக்கொண்டது. வண்டி மலைமாதிரி மேட்டில் ஏறத் தொடங்கியது. அடியில் சங்கிலி இழுக்கிற சத்தம், கடகட கடகட கடகட என்று ஒரே சீராக. பின்னால் இருந்தவர்கள் இப்போதே அலற ஆரம்பித்தார்கள். நான் கண்ணை மூடி இருக்கிற தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். பாதி மேட்டில் என் தோளில் ஏதோ கனமாக விழுந்தது. கண்ணைத் திறந்தேன். அவர் தலை.

அந்தப் பக்கத்திலிருந்து பூனை என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள்.

அதன்பிறகு உச்சியிலிருந்து விழுந்தோம். என் குடல் என் வாய்க்கு வந்துவிட்டது. என்ன நடக்கிறதென்று தெரியாது, எது வானம் எது பூமி என்று தெரியாது, கத்தக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. இரண்டு கையாலும் வாயை அமுக்கிக்கொண்டேன். வண்டி மூன்று பேரையும் தலைகீழாக்கிக் குலுக்கிக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தியது. நின்றதும் அவர் கண்ணைத் திறந்தார். மயக்கம் போட்டுவிட்டாரோ என்று பயந்து ஓடிவந்த ஊழியரிடம், "ஒண்ணும் இல்லைங்க, அசந்துட்டேன்" என்றார். அந்த ஊழியர் இதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

வெளியே வருகிற வழியில் ஒரு கவுண்டர். வண்டி உச்சியிலிருந்து விழுகிற நொடியில் ஒரு கேமரா எல்லாரையும் படம் பிடித்துவிடும், அதை அங்கே திரையில் காட்டுவார்கள். கவுண்டரில் இருந்த பெண் ஒரு படத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னும் நாலு பேர் கூடினார்கள். எங்கள் படம்தான்.

முன் வரிசை, பின் வரிசை எல்லாரும் தொண்டை தெரிய வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாங்கள். அவர் தொட்டில் குழந்தை மாதிரித் தூங்கினார். நான் முழி பிதுங்க, இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தேன். பூனை ஒரு கையால் தன் வாயைப் பொத்தியிருந்தாள். இன்னொரு கையால் அவர் காதைப் பொத்தியிருந்தாள்.

அவர் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் சிரிப்பு ஓய்ந்து கலைந்து போன பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாப்பா, ஏன் என் காதைப் பொத்தியிருக்க?"

"பின்னாடி இருந்தவங்க ரொம்பக் கத்தினாங்கப்பா" என்றாள் பூனை, வழக்கமான கிசுகிசுக் குரலில். "நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. அடித்துப்போட்ட மாதிரி நடந்து போய் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்களும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். தலைக்கு மேலே அடுத்த வண்டி அலறிக்கொண்டு போயிற்று.

"எனக்குச் சத்தத்துல தூக்கம் கெடாது பாப்பா" என்றார். "சத்தம் இருந்தாத்தான் தூக்கமே வரும்."

எனக்குப் புரியவில்லை. "என்ன உளர்றீங்க?"

"அந்த மெஷின் பக்கத்துல நின்னு நின்னு அப்படி ஆயிப்போச்சு. அது ஓடுற சத்தத்துல, காகித உருளைக்குப் பின்னாடி உக்காந்தாலே கண்ணு சொக்கும். ஓட்டம் நின்னா முழிச்சுக்குவேன். மெஷின் நின்னா ஏதோ கோளாறுன்னு அர்த்தம் இல்லையா. அங்க வேலை பாக்குற எல்லாருக்குமே அப்படித்தான். சத்தம் இல்லைன்னா திக்குன்னு இருக்கும்."

ரயில் நின்றபோதெல்லாம் அவர் முழித்துக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. இரட்டைக் கண்ணாடி ஜன்னலும், நான் அணைத்த ஏசியும் ஞாபகம் வந்தன.

"அப்ப வீட்டுல?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வீட்டுல எங்க தூங்குறேன்? கண்ணை மூடிப் படுத்திருப்பேன். எப்பவாவது முடியாம அசந்து போவேன், அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுறது கேக்கும். என்னன்னு புரியாது."

"அட பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். "கரண்டிக்குத் துணி விரிச்சேன். பெல்லைப் பிடுங்கினேன். ஊர் அடங்கின பிறகு தையல் தைச்சு என் கண்ணே பூத்துப்போச்சு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

"கல்யாணமான புதுசுல நீயே பெல்லைப் பிடுங்கினே. எனக்காக ஒருத்தி இவ்வளவு பாக்குறாளேன்னு சந்தோஷமா இருந்துச்சு. அதைப் போய் வேணாம்னு எப்படிச் சொல்றது? அப்புறம் பாப்பாவும் பொறந்து, அவளும் நுனிக்கால்ல நடக்க ஆரம்பிச்சா. அன்னைக்குச் சொல்லியிருக்கணும். சொன்னா நீ செஞ்சதெல்லாம் வீண்னு ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

நியாயமான பதில்தான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. அவரைத் திட்டுவதா, என்னை நானே திட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. நான் ஒரு நாளாவது, தூக்கம் வருதா என்று அவரைக் கேட்டிருக்கலாம். உதட்டில் விரல் வைத்துக்கொண்டே இருந்ததில் கேட்கத் தோன்றவில்லை. அவர் மூடிய கண்ணோடு உள்ளே படுத்திருக்க, நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். மூன்று பேருக்கும் களைப்புதான் மிச்சம்.

பூனை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்போ நான் சத்தமா பேசியிருக்கலாமாப்பா?" என்றாள்.

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பூனை எழுந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, இன்னொரு தடவை போலாம்" என்றாள்.

மறுபடி அதே நீள வரிசை. எனக்கு நிற்கத் தெம்பில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு வினாடியும் கண்ணை மூடவில்லை. இமையைக் கசக்கினார், கன்னத்தில் அறைந்துகொண்டார், பூனை கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மெஷின் எவ்வளவு பெரிசு, காகிதம் அறுந்தால் என்ன செய்வீர்கள், முதல் பேப்பரை யார் படிப்பார்கள். இத்தனை வருஷம் அப்பா என்ன வேலை செய்கிறார் என்றே அவளுக்கு முழுசாகத் தெரியாது.

வண்டி ஏறியது. அதே கடகட கடகட. அவர் இமை கனப்பது எனக்குத் தெரிந்தது. இரும்புக் கட்டைக்குள் முடிந்த அளவு உடம்பைத் திருப்பி, பூனையின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். உச்சிக்கு வந்தோம்.

பூனை கத்தினாள். அப்படி ஒரு குரல் அந்த ஒல்லி உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கனத்த, கரகரத்த, பெரிய குரல். அவளைப் பெற்றவள் நான், அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். அதைக் கேட்டதும் எனக்கும் தடை உடைந்துவிட்டது. நானும் கத்தினேன். பயத்தில் கொஞ்சம், கோபத்தில் நிறைய, கடைசியில் எதற்கென்றே தெரியாமல் கத்தினேன்.

இந்தத் தடவை படத்தை நாங்களே கவுண்டரில் கேட்டு வாங்கிக்கொண்டோம். எல்லாரும் முன்னால் பார்த்து அலறிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் பள்ளத்தைப் பார்க்கவில்லை. கண் இரண்டும் அகலத் திறந்திருக்க, பக்கவாட்டில் திரும்பிப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது.

"என்ன பாப்பா? சத்தமா சொல்லு" என்று அவர் காதைக் கிட்டக் கொண்டுபோனார். அவள் தொண்டையைக் காட்டிச் சிரித்தாள். மூன்று பேரும் நடுவழியில் நின்றுகொண்டு சிரித்தோம். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம், அங்கேயும்.

மாலை ரயிலில் திரும்பினோம். எங்கள் மூவரிடமும் பேச ஒரு சொட்டுத் தெம்பு இல்லை. வண்டி வேகம் எடுத்ததும் பூனை அவர் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "தூங்குங்கப்பா" என்று உதட்டசைவில் சொன்னாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே தூங்கிப்போனார். முந்தின நாள் காலையிலிருந்து ஒழுங்கான தூக்கம் இல்லாத மனிதர். எத்தனையோ வருஷமாகவே இல்லாத மனிதர். இனி ஒரு ஊர்வலமே வந்தாலும் இவரை எழுப்பக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாதி வழியில், ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டது. விசிறிகளும் நின்றன. பெட்டி முழுக்கச் சட்டென்று நிசப்தம். அவர் புருவம் சுருங்கியது, இமை துடித்தது.

பூனை பதறிப்போய் என்னைப் பார்த்தாள். விரல் பழக்கத்தில் உதட்டுப் பக்கம் போயிற்று. பாதியில் நிறுத்தினாள். அப்புறம் விரல்களைக் குவித்து, பறவையின் அலகு மாதிரித் திறந்து திறந்து மூடினாள். எங்கள் வீட்டில் இல்லாத சைகை. ஆனால் புரிந்தது. பேசு.

அவளுக்குத் தொண்டை இல்லை. நான்தான் பேச வேண்டும். பெட்டி நிறைய ஆட்கள், எனக்கோ நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கமே கிடையாது.

"அடியே" என்று ஆரம்பித்தேன். பெட்டியே திரும்பியது. அவர் இமை இன்னும் துடித்தது. குரலை உயர்த்தினேன். "அந்த நீலப் பொட்டியோட ஜிப்பு சரியில்லை. ஊருக்குப் போனதும் மாத்தணும். தலகாணி ரெண்டு எடுத்துக்க. போர்வையை நான் ஓரம் அடிச்சுத் தரேன், நாளைக்குப் பகல்லயே தைக்கிறேன், மெஷின் ஓடட்டும், இந்த மனுஷன் நல்லா தூங்கட்டும்!"

பூனை இன்னும் என்று கையை அசைத்தாள். அவர் புருவம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஆனால் எனக்குச் சொல்ல வேண்டிய சாமான்கள் தீர்ந்துவிட்டன. வாய் திறந்திருந்தது, அதில் வேறு ஒன்றுதான் வந்தது.

"நீ ஹாஸ்டலுக்குப் போறது எனக்குப் பிடிக்கலைடி. போகாதேன்னு சொல்ல மாட்டேன், நீ போய்ப் படி. ஆனா பிடிக்கலை. நீ போயிட்டா அந்த வீட்டுல எனக்கு உதட்டுல விரல் வெச்சுக் காட்டக்கூட ஆள் இல்லை. போற எடத்துல சத்தமா பேசு. யாராவது என்னன்னு கேட்டா, எங்கம்மா சொன்னாங்கன்னு சொல்லு."

பூனையின் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. அவள் துடைக்கவில்லை. துடைக்கக் கையை எடுத்தால் அவர் தலை சரிந்துவிடும்.

எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு முன்னால் குனிந்தார். "உஷ்" என்று உதட்டில் விரலை வைத்தார். "கொஞ்சம் மெதுவா பேசும்மா. பாவம், அவர் தூங்குறார்."

"தெரியுங்க. அதுக்காகத்தான் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு, வண்டி கிளம்புகிற வரைக்கும் பேசினேன்.